கோடு போட்ட வரிகள்

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குத் தமிழ்நாட்டில் பதினோரு லட்சம் வீடுகளில் தணிகாசலம் பேசுவார். அந்த நேரத்தில் அவர் மட்டும் தன் வீட்டில் இருக்க மாட்டார். 'கலங்கரை' தொலைக்காட்சியின் 'ஒரு சொல்' நிகழ்ச்சி நாலு மணிக்கே பதிவாகிவிடும். அது ஒளிபரப்பாகும்போது அவர் பெரம்பூரில் தெருக்கோடி முருகன் கோயிலை மூன்று சுற்று சுற்றிவிட்டு, கழற்றிப்போட்ட செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்வது, தான் சமைத்ததைத் தானே பலே பலே என்று சாப்பிடுவது போல அவருக்குக் கூச்சம்.

நிகழ்ச்சி பதினைந்து நிமிடம்தான். அன்றைய அரசியல் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்வார். மற்றச் செய்திக்காரர்கள் அதை எப்படிக் காட்டினார்கள், எதைக் காட்டாமல் விட்டார்கள் என்று பிரித்து வைப்பார். கடைசியில் தன் கருத்தைச் சொல்வார். அது எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஒரு சுவரை இடிக்கும் முன் அது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பார் என்பது அவர் கொள்கை. குடும்பம், கோயில், பெரியவர்களிடம் மரியாதை, வாங்கின சம்பளத்துக்கு ஒழுங்கான வேலை. எதிர்த்தரப்பு அவரைப் பழைய பஞ்சாங்கம் என்று எழுதினால், "பஞ்சாங்கத்துல போட்டபடி கிரகணம் வருதா இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

அந்த வாரச் செய்தி, சட்டசபைக்கு வந்திருந்த முதியோர் பொது இல்ல மசோதா. அறுபது வயதான யாரும், பிள்ளைகளையோ துணையையோ கேட்காமலே அரசு இல்லத்தில் சேர்ந்துகொள்ளலாம். அங்கே பணிவிடைக்கு இயந்திரங்கள் இருக்கும். குளிப்பாட்டும், ஊட்டும், போர்வை மாற்றும், முகம் சுளிக்காது. சோதனைக்காக முதல் இல்லத்தை ஏலகிரியில் திறந்தும் விட்டார்கள்.

தணிகாசலம் இதை மூர்க்கமாக எதிர்த்தார். அவர் மனைவி குமுதவல்லி அதில் சேர விண்ணப்பம் போட்டிருந்தாள்.

சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டே, பால்காரர் நாளைக்கு வரமாட்டாராம் என்கிற மாதிரிதான் சொன்னாள்.

"ஏங்க, ஏலகிரில இடம் கிடைச்சிருக்கு. புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கைரேகை வெக்கணுமாம்."

"இங்க உனக்கு என்ன குறை?"

"குறைன்னு யாரு சொன்னா? நாளைக்கு நான் படுத்துட்டா யாரு பாப்பாங்க? நீங்களா?"

பதினோரு லட்சம் வீடுகளில் பேசுகிறவர் செய்தித்தாளை எடுத்துப் பிரித்தார்.

"எனக்காக இன்னொருத்தி வேலையை விட வேண்டாங்க. மெஷினுக்கு விடறதுக்கு வேலையே கிடையாது," என்று சொல்லிவிட்டுக் கீரைத் தண்டைத் தனியாகப் பிரித்து வைத்தாள்.

குமுதவல்லி ஒரு கல்லூரியில் நூலகராக இருந்தவள். நாற்பது வயதில், இன்னும் இரண்டு வருடத்தில் தலைமை நூலகர் ஆகிவிடுவாள் என்றிருந்தபோது, தணிகாசலத்தின் தாயார் குளியலறையில் விழுந்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. குமுதவல்லி வேலையை விட்டாள். ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடமும் தணிகாசலம் ஊர் ஊராகப் போய், பெற்றோரைப் பேணுவது பிள்ளையின் கடமை என்று பேசிக் கைத்தட்டல் வாங்கினார். தாயார் போய்ச் சேர்ந்த பிறகும், மகன் வான்கூவருக்குக் குடிபோன பிறகும், அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போலக் காகிதத்தில் எழுத உட்கார்ந்தார். மசோதாவை எல்லாச் சேனல்களும் எப்படிக் காட்டின? இயந்திரக் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற பாட்டிமார்கள். ஒரு நிருபராவது அவர்கள் பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டி, ஏன் அம்மா உன்னோடு இல்லை என்று கேட்டானா? நல்ல கேள்வி. பேனா வேகமாக ஓடியது. அந்த வேகத்திலேயே, அவர் அனுமதி கேட்காமல், இப்படியும் எழுதிவிட்டது:

'கடமை என்று மேடையில் நான் பேசினேன். அதை வீட்டில் செய்தவள் என் மனைவி. என் தாய்க்கு ஒன்பது வருடத்தில் ஒரு போர்வைகூட நான் துவைத்ததில்லை.'

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மைதான். ஆனால் நாளைக்கே மற்றச் சேனல்கள் அதை மட்டும் வெட்டி, 'தணிகாசலமே ஒப்புக்கொண்டார்' என்று ஓட்டும். வாதத்தின் முதுகெலும்பு போய்விடும். குறுக்கே ஒரு கோடு போட்டார்.

ஒரே கோடுதான். கிறுக்கி மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. இளம் வயதில் பத்திரிகையில் சேர்ந்தபோது செய்தி ஆசிரியர் கற்றுக்கொடுத்த முறை அது. அடித்த வரி படிக்கத் தெரிய வேண்டும். அச்சுக்குப் போகும் முன் மனசு மாறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தணிகாசலத்துக்கு மனசு மாறினதாகச் சரித்திரம் இல்லை. பக்கங்களைப் படம் எடுத்து நிலையத்துக்கு அனுப்பினார். காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார். நாலு மணிக்குப் போய், கோடு போட்டதை விட்டுவிட்டு, மற்றதை முழங்கினார்.

கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்தால் மோர்க்குழம்பு வாசனை வாசல்வரை வந்து கூப்பிட்டது. குமுதவல்லி இரண்டு தட்டு வைத்திருந்தாள். அவருக்குப் பரிமாறிவிட்டு அப்புறம் தனியாகச் சாப்பிடுவதுதான் அவள் வழக்கம். இன்றைக்கு எதிரே உட்கார்ந்தாள். கண் லேசாகச் சிவந்திருந்தது.

"ஏலகிரி வேண்டாம்னு தோணுதுங்க," என்றாள்.

"ஏன், என்ன ஆச்சு?"

"இன்னிக்கு நல்லாப் பேசினீங்க." அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம், கல்யாணமான புதிதில் செய்தது போல, தன் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

தணிகாசலத்துக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்து நிமிட வாதத்தில் பெண்டாட்டியை ஜெயித்த முதல் ஆம்பிளை தான்தான் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனார்.

மறுநாள் காலை மாநகராட்சிப் பூங்காவில் அந்தப் பெருமையைச் சுமந்துகொண்டு நடந்தார். கூட நடப்பவர்கள் மூன்று பேர். ஹார்டுவேர் கடை சொக்கலிங்கம் அவருடைய பரம பக்தர். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பிட்டராக இருந்த இருதயராஜ் பழைய தொழிற்சங்கத் தலைவர். தணிகாசலம் கிழக்கு என்றால் மேற்கு என்பவர். மூன்றாமவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு மன்சூர் அலி. அவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டு மட்டும் வருவார்.

"நேத்து வெளுத்து வாங்கிட்டீங்க," என்றார் சொக்கலிங்கம். "பெத்தவங்களை இல்லத்துல தள்றவனுக்குச் சொத்துல சல்லிக்காசு கிடையாதுன்னு சட்டம் போடணும்னீங்களே, அது பேச்சு!"

தணிகாசலம் நின்றார். அப்படி அவர் சொல்லவில்லை.

"யோவ், என்ன உளர்றே?" என்று இருதயராஜ் திரும்பினார். "இல்லத்தை அரசாங்கமே நடத்தினா சரி, கம்பெனிக்காரன் கையில குடுத்துடாதீங்கன்னு சொன்னாரு. நாற்பது வருஷத்துல முதல் தடவையா என் மனசுல இருக்கறதைச் சொன்னாருய்யா! என் வீட்டுக்காரி சாட்சி."

"நீங்க என்ன கேட்டீங்க, மன்சூர்?" என்று தணிகாசலம் அவர் பக்கம் திரும்பினார்.

மன்சூர் அலி தயங்கினார். "எனக்கு என்னவோ சட்டத்தைப் பத்தியே அதிகம் கேட்ட ஞாபகம் இல்லைங்க. தாயோட கையைப் பத்திப் பேசினீங்க. எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு."

மூன்று பேரும் அவரைப் பாராட்டினார்கள். மூன்று பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. தணிகாசலம் அப்படியே ஆட்டோ பிடித்து நிலையத்துக்குப் போனார்.

நிலையத்தில் ஜெசிந்தா என்கிற பொறியாளர் இருந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரே பேச்சு வீட்டுக்கு வீடு எப்படி மாறியது என்று அவர் கேட்டதும் அவளுக்கு ஆச்சரியம். "உங்களுக்குத் தெரியாதா சார்? சித்திரையில நீங்க கையெழுத்துப் போட்டீங்களே. மொழிச் சீரமைப்பு ஒப்பந்தம்."

"எழுத்துப்பிழை திருத்தறதுன்னு நினைச்சேன்மா."

"இல்ல சார். 'இசைவி'ன்னு ஒரு மென்பொருள். வீட்டு டிவி பாக்கறவங்க முகத்தைப் பாக்கும். எந்த வாக்கியத்துக்குப் புருவம் சுருங்குதுன்னு கவனிக்கும். கொஞ்ச நாள்ல அந்த வீட்டுக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு கத்துக்கும். அப்புறம் ஆகாததை எடுத்துட்டு, ஆகறதை வெக்கும். உங்க முகம், உங்க குரல்தான். யாரும் கோவிச்சுக்கிட்டு வேற சேனலுக்குப் போறதில்லை."

"நான் சொல்லாததை என் வாயில வெப்பீங்களா?"

"வெக்கவே மாட்டோம்!" ஜெசிந்தா நிஜமாகவே புண்பட்டாள். "வக்கீல் ரொம்பக் கண்டிப்பு. உங்க கையால எழுதின வரியா மட்டும்தான் இருக்கணும். உங்க பழைய கட்டுரை, மேடைப்பேச்சு, இப்ப தினமும் அனுப்பற பக்கம் எல்லாம் உள்ள போகுது. அந்தச் சொத்து விஷயம் நீங்க இருபத்தி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. பாருங்க."

பார்த்தார். அவர் கையெழுத்துதான். ஏதோ ஒரு கோபத்தில் எழுதியது. இப்போது கேட்டால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார்.

"இந்த நாலு மாசமா எனக்கு ஒரு வசவுக் கடிதம்கூட வரலைம்மா," என்றார் மெதுவாக. "நான் பக்குவப்பட்டுட்டேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அவர் கேட்டதன் பேரில், அவர் வீட்டில் நேற்று ஓடியதைப் போட்டுக் காட்டினாள். திரையில் தணிகாசலம் பேசினார். பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டச் சொன்னார். கொஞ்சம் நிறுத்தினார். நேராகப் பார்த்தார். "கடமை என்று மேடையில் நான் பேசினேன். அதை வீட்டில் செய்தவள் என் மனைவி," என்றார். போர்வையைப் பற்றிச் சொல்லும்போது குரல் லேசாகக் கரகரத்தது. நாலு மணிக்கு நிஜ தணிகாசலத்துக்கு வராத கரகரப்பு அது.

"அது நான் கோடு போட்ட வரி."

"எழுதின வரிதானே சார்? கோடு போட்டா அடிச்சதுன்னு இசைவிக்குத் தெரியாது."

"எத்தனை வீட்டுக்குப் போச்சு?"

ஜெசிந்தா பார்த்துச் சொன்னாள். "உங்க வீட்டுக்கு மட்டும்தான். அந்த வரிக்கு இளகற முகம் வேற எந்த வீட்டுலயும் இல்லை."

"சரி. இன்னிக்கு அதை நான் எல்லாருக்கும் நேரலையில சொல்றேன். ஒரு வார்த்தை மாத்தாம போகணும்."

"நேரலைலயும் ஏழு விநாடி இடைவெளி இருக்கு சார், அதுக்குள்ள இசைவி மாத்திடும். உங்க ரசிகர்கள் அதைக் கேட்டா முகம் சுளிப்பாங்க. அவங்களுக்குப் போகாது. என்னால நிறுத்த முடியாது, எனக்கு மேல இருக்கறவங்க நிறுத்தமாட்டாங்க." கொஞ்சம் தயங்கி, "நீங்க வராம போனாலும் நிகழ்ச்சி வரும் சார். நாற்பது வருஷத்து வரி இருக்கு," என்றாள். அவளுக்கே அதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தணிகாசலம் தன்னோடு மல்லுக்கு நின்றார். வாயை மூடிக்கொண்டிருந்தால் குமுதவல்லி இருப்பாள். மோர்க்குழம்பு, எதிர் நாற்காலி, உருளைக்கிழங்கு எல்லாம் இருக்கும். இயந்திரம் சொன்னதும் பொய் இல்லையே, நான் எழுதியதுதானே? ஆனால் அவர் நாற்பது வருடமாகச் சொல்லிவந்த ஒரே பாடம், ஊருக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று பேசாதே என்பது. அதை இந்த ஒரு விஷயத்தில் விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அவருக்குப் பயமாக இருந்தது. அறுபத்தாறு வயதில், தனியாகப் போய்விடுவோமோ என்கிற சாதாரணப் பயம்.

குமுதவல்லி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"அப்போ சொக்கலிங்கம் அண்ணன் வீட்டுல அது வரலையா?"

"வரலை."

"உங்க தம்பி வீட்டுல?"

"வரலை, குமுதா. நம்ம வீட்டுல மட்டும்தான்."

கையில் இருந்த துண்டை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். "ஊரு முன்னால சொன்னீங்கன்னு நினைச்சேங்க. எனக்கு மட்டும் சொல்றதுக்கு டிவி எதுக்கு? பக்கத்துலதானே இருக்கேன்."

ராத்திரி ஒரே தட்டுதான் வைத்திருந்தாள்.

புதன்கிழமை காலை அவர் எழுந்தபோது கட்டில் பக்கத்தில் அவளுடைய சின்னப் பெட்டி திறந்து கிடந்தது. ஒரு வெள்ளைக் காகிதத்தில் திங்கட்கிழமைப் பேச்சை, கோடு போட்ட வரியோடு, நினைவிலிருந்து எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனார். மூன்று பேரையும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"ஒரு கால் மணி நேரம். நான் பேசறதைக் கேளுங்க. நடுவுல யார் எழுந்து போனாலும் சரி."

"டிவிலதான் தினம் பேசறியே," என்றார் இருதயராஜ்.

"அது வேற ஆளு."

படித்தார். மைக் இல்லை, விளக்கு இல்லை. பக்கத்தில் யாரோ கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். மசோதா, சிரிக்கிற பாட்டிமார்கள், கேட்கப்படாத கேள்வி எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. அந்த இடம் வந்தது. சொக்கலிங்கத்தின் ஆவலான முகத்தைப் பார்த்தார். நாற்பது வருடப் பழக்கம் நாக்கைப் பிடித்து இழுத்தது. "எங்க வீட்ல… எங்கம்மா படுத்திருந்தப்போ… நாங்க நல்லாப் பாத்துக்கிட்டோம்…"

"இதுல இருக்கறதைப் படிங்க."

குமுதவல்லி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் ஒரு காகிதம் இருந்தது. கசங்கி, பிறகு யாரோ பொறுமையாக நீவி நேராக்கியிருந்தார்கள். திங்கட்கிழமை அவர் கூடையில் போட்ட பக்கம்.

வாங்கிப் படித்தார். கோடு போட்ட வரியைக் கோடு இல்லாதது போலப் படித்தார். போர்வைக்கு வந்தபோது குரல் கரகரக்கவில்லை, அழுகையாகவே வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து அந்த மூன்று வாக்கியத்தையும் படித்தார்.

"என்னய்யா இது?" சொக்கலிங்கத்தின் முகம் சுருங்கியது. "இதெல்லாம் வெளியில பேசற விஷயமா? நம்ம பக்கத்துக்கு அசிங்கம் இல்ல?"

நாலு மாதத்தில் தணிகாசலம் பார்த்த முதல் முகச்சுளிப்பு அது. அவருக்கு அந்தச் சொக்கலிங்கத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"அப்போ மசோதாவை ஆதரிக்கிறே?" என்று இருதயராஜ் சந்தோஷமாக முன்னால் வந்தார்.

"இல்ல. இப்பவும் எதிர்க்கறேன். பிள்ளை செய்ய வேண்டியதை அரசாங்கமும் மெஷினும் எடுத்துக்கக் கூடாது. ஆனா பிள்ளைன்னா நான், இருதயம். வீட்டுக்கு வந்த பொண்ணு இல்ல."

இருதயராஜின் முகமும் சுருங்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர்மேல் பாய்ந்தார்கள். மன்சூர் அலி மட்டும் எழுந்தார். குமுதவல்லியைப் பார்த்து, "வரேம்மா," என்று தலையைக் குனிந்துவிட்டு, வழக்கமான நாலாவது சுற்றைச் சுற்றாமல் வீட்டுப் பக்கமாக நடந்தார்.

திரும்பி வரும்போது தணிகாசலம் கேட்டார். "அந்தக் காகிதம் உங்கிட்ட எப்படி?"

"கூடையில இருந்தது."

"இது மட்டுமா?"

குமுதவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நீங்க பேசறதை எல்லாரும் கேக்கறாங்க. நான் நீங்க கோடு போட்டதைப் படிச்சுக்கிட்டு இருந்தேன். முப்பத்தொரு வருஷமா. தேதி வாரியா அடுக்கி வெச்சிருக்கேன். பெட்டியைத் திறந்து வெச்சது அதை எடுக்கத்தாங்க. அது இல்லைன்னா எப்பவோ போயிருப்பேன்."

தணிகாசலம் நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் திட்டிக்கொண்டே போனான்.

அன்று அவர் நிலையத்துக்குப் போகவில்லை. சாயங்காலம் ஐந்து மணி வந்தது, போனது. ஏழு மணிக்கு வழக்கம்போலப் பதினோரு லட்சம் வீடுகளில் தணிகாசலம் பேசினார். ஒவ்வொரு வீட்டிலும் தலையாட்டினார்கள்.

பெரம்பூர் வீட்டில் டிவி போடவில்லை. தணிகாசலம் இரண்டு போர்வைகளைக் கையால் துவைத்து, பாதித் தண்ணீரைத் தன்மேல் ஊற்றிக்கொண்டு, பின்கட்டுக் கொடியில் கோணலாகக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். குமுதவல்லி நிலைப்படியில் உட்கார்ந்து, மடியில் ஒரு பழைய காகிதக் கட்டைப் பிரித்து வைத்திருந்தாள்.

"இது பதினேழு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. படிக்கட்டுமா? 'இந்த விஷயத்தில் என் மனைவி சொல்வதே சரி என்று எனக்கும் படுகிறது.' அப்புறம் குறுக்கே கோடு."

போர்வைக்குப் பின்னாலிருந்து தணிகாசலம் தலையை நீட்டினார்.

"அச்சுக்குப் போயிடுச்சா?"

"இல்லைங்க. எங்கிட்டதான் இருக்கு."

"அப்போ அதைத் திரும்ப எடுத்துக்கலாம்," என்றார் தணிகாசலம்.